குரத்தியாரைக் கதையாக்கப் புகுவோர்க்கு

சரித்திர நவீனம் எழுதிவரும் நண்பர்களுக்கும், எழுத வேண்டுமென்னும் அவாவினால் குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பெரும்பாலோரை நான் நேரிற் கண்டதில்லை. ஆயினும், உங்கள் குதிரைகளின் குளம்போசையை அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகிறவன் என்னும் ஒரே உரிமையைக்கொண்டு இம்மடலை எழுதத் துணிந்தேன். சுரங்க வழிகளும், நள்ளிரவில் ஓலை கொண்டு விரையும் ஒற்றர்களும், அரண்மனை நந்தவனத்தில் நிலவொளியில் நிற்கும் இளவரசியரும் எனக்குச் சலித்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். வாரப் பத்திரிகை வரும் நாளில் தபால்காரரை எதிர்பார்த்துத் தெருமுனையில் நின்ற சிறுவன் இன்னும் என்னுள் இருந்துகொண்டுதான் இருக்கிறான். ஆனால் அந்தச் சிறுவனுக்கு அன்று தோன்றாத ஐயம் ஒன்று இந்தக் கிழவனுக்குத் தோன்றுகிறது. நம் சரித்திரக் கதைகளில் வரும் துறவிகள் ஏன் எப்போதும் வேவு பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்? 'சிவகாமியின் சபத'த்தில் நாகநந்தி அடிகள் பிக்ஷுவின் காவித் துணிக்குள் ஒரு சாம்ராஜ்யத்தின் சூழ்ச்சியையே ஒளித்துவைத்திருந்தார். 'பார்த்திபன் கன'விலோ ஒற்றைக்கைக் காபாலிகர் சுடுகாட்டு இருளில் நடமாடினார். துறவு பூணும் பெண்ணோ எனில், அவள் காதலில் தோற்றவளாகத்தான் இருந்தாக வேண்டும். ஏகாம்பரேசுவரர் சந்நிதியில் சிவகாமி தன் கழுத்தில் தாலி கட்டிக்கொண்ட அத்தியாயத்தைப் படித்து நானும் விம்மியிருக்கிறேன்; அது கல்கியின் மேதை சிருஷ்டித்த முடிவு, அந்தக் கதைக்கு அதுவே பொருந்தும். ஆனால் அவருக்குப் பின்வந்தோர் அதனை வார்ப்பு அச்சாகவே வைத்துக்கொண்டு, காதலன் மாண்டால் ஒருத்தி, மறந்தால் ஒருத்தி, மன்னனாகிப் பிறிதொருத்தியை மணந்தால் ஒருத்தி என்று வரிசையாகச் சந்நியாசினிகளை வார்த்தெடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் உங்கள் முன் நிறுத்த விரும்பும் பெண் வேறொருத்தி. கி. பி. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, தெற்கே ஆய் நாட்டிலிருந்து வடக்கே தொண்டை மண்டலம் வரை, மலைப்பாறைகளில் தன் பெயரை வெட்டிவைத்துவிட்டுப் போன சமணத் துறவினி அவள். கந்தி என்றும் கவுந்தி என்றும் நூல்கள் சொல்வதுண்டு. கல்வெட்டுகள் அவளைக் குரத்தி என்றும், மரியாதை தோன்றக் குரத்தியார், குரத்திகள் என்றும் குறிக்கின்றன. குரவர் என்னும் சொல்லின் பெண்பால் அது. ஆசிரியை என்பதே பொருள். (அச்சுக் கோப்பவர்கள் இடையின ரகரத்தை எடுத்துவிட்டு வல்லின றகரத்தைப் போட்டு, தவமூதாட்டியைத் தினைப்புனம் காக்க அனுப்பிவிடுவது வழக்கம். என் கட்டுரை ஒன்றிலேயே இது நேர்ந்தது. உங்கள் நவீனத்திற்கும் நேரலாம். படி திருத்துவதை மட்டும் பிறரிடம் விட்டுவிடாதீர்கள்.)

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியிலுள்ள கழுகுமலைக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். முருகன் கோயிலைச் சேவித்துவிட்டு, எட்டாம் நூற்றாண்டில் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, என்ன காரணத்தாலோ முற்றுப்பெறாமலே விட்டுவிட்ட வெட்டுவான் கோயிலையும் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புவோரே மிகுதி. இன்னும் சிறிது தூரம் பாறையில் ஏறினால், வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கொடி சுற்றிய பாகுபலியும், பாம்பு குடைபிடிக்கும் பார்சுவநாதரும், சிங்கத்தோடும் தன் மக்களோடும் நிற்கும் அம்பிகையும் அங்கே உண்டு. ஒவ்வொரு திருமேனிக்கும் அடியில் வட்டெழுத்தில் ஒரு வரியோ இரு வரியோ இருக்கும்: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. மன்னர்களின் மெய்க்கீர்த்தியைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது மிகவும் வறியதாகத் தோன்றும். அப்படிச் செய்வித்தோருள் உழைப்பாளிகளும் உண்டு, துறவிகளும் உண்டு, குரத்தியரும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்திகள் என்று ஒரு பெயரைக் கண்டு நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். திருச்சாரணம் என்பது மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் மலை. வண்டி ஏறலாகாது என்னும் விரதம் பூண்ட பெண்கள், செருப்பின்றி, குமரிப்பக்கத்து மலையிலிருந்து இந்தக் கரிசல் காட்டுப் பாறைக்கு நடந்தே வந்திருக்கிறார்கள் என்றால், அந்த வழிநடையே உங்களுக்கு ஆறு அத்தியாயம் தரும்.

அந்தக் கல்வெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு போகையில், வெகு நேரம் கழித்து எனக்கு ஒன்று புலப்பட்டது. அக்காலத்துக் கல்வெட்டுகளில் வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்ன மன்னனின் தேவி என்றே அவர்கள் அறிமுகமாகிறார்கள். குரத்தியாரோ இன்ன ஆசிரியரின் மாணாக்கி என்று அறிமுகமாகிறாள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குருவின் பெயர் இருக்கிறது. கணவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. தன்னை உலகம் எதனால் அறிய வேண்டும் என்று அவள் கருதினாளோ அதனைத்தான் உளியைப் பிடித்தவனுக்குச் சொல்லியிருப்பாள். அவ்வாறிருக்க, அவள் சொல்லாமல் விட்ட கணவனையும் காதலனையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் தேடிக்கொண்டுபோய் அவள் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இதை நான் உயரத்தில் நின்று உபதேசமாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மலையிலிருந்து இறங்கிய வேகத்தில் நானும் ஒரு நவீனம் தொடங்கினேன். மூன்று அத்தியாயங்கள் மிகச் சரளமாக வந்தன. அத்தனை சரளமாக வந்தபோதே நான் சந்தேகித்திருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஆற்றங்கரை. இரண்டாவதில் படைத்தலைவன் ஒருவன். மூன்றாவதில் போர்ச்செய்தி வருகிறது, அவள் கூந்தலைக் களைகிறாள். என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தப் பையன் செத்துப்போகாமல் இருந்திருந்தால் இவள் அடுப்படியில்தானே இருந்திருப்பாள்? அப்படியானால் இதில் அவள் செய்தது என்ன இருக்கிறது?" என்றாள். அன்றிரவே அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டேன். பிறகு எழுதத் திராணி வரவில்லை. எழுத முடியாதவன் எழுதக்கூடியவர்களுக்கு மடல் எழுதுவது உலக வழக்கம்தானே!

ஆகவே, எனக்குத் தெரிந்த மூன்று குரத்தியரை உங்களிடம் ஒப்படைக்கிறேன். மூவரில் யாரை வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாமவள் குணந்தாங்கிக் குரத்திகள். பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், சிதறால் மலையிலுள்ள பட்டாரியார் என்னும் தெய்வத்துக்குப் பொன்னணி அளித்தவள். பற்றனைத்தும் துறந்தவளின் கையில் பொன் எவ்வாறு வந்தது என்பதே இவளிடத்து நவீனக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. இல்லறத்து நகையை அழித்துக் கொடுத்தாளோ, அன்பர் கொடுத்ததைத் தொடாமலே தெய்வத்தின்பால் திருப்பிவிட்டாளோ, அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்தப் பொன்னைக் காரணமின்றி அவள் கையில் வைத்துவிட்டு அடுத்த காட்சிக்கு ஓடிவிடாதீர்கள்.

இரண்டாமவளிடத்தில் எனக்குப் பக்ஷபாதம் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. ஆர்க்காட்டுக்கு அருகே விளாப்பாக்கம் என்னும் ஊர். பக்கத்தில், இன்று பஞ்சபாண்டவர் மலை என வழங்கும் திருப்பான்மலை. அம்மலைத் துறவியான அரிட்டநேமி படாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியார். உபவாசத்தையே பெயராகச் சூடிய இப்பெண்மணி விளாப்பாக்கத்தில் கிணறு ஒன்று தோண்டுவித்தாள் என்று முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 945-ஐ ஒட்டி, எழுந்த கல்வெட்டுக் கூறுகிறது. அந்தக் கிணறும் ஒரு மனையும் பெண்பள்ளிக்கு உரியவையாயின. ஊரை ஆண்ட இருபத்துநால்வர் அதற்குக் காவலாயினர். வறண்ட வட ஆர்க்காட்டில் கிணறு வெட்டுவது பெரும் புண்ணியம் என்று நீங்களும் நானும் உடனே சொல்லிவிடுவோம். சமணத் துறவியின் நிலையில் நின்று சற்று யோசியுங்கள். அவர்கள் தத்துவத்தின்படி மண்ணுக்கும் உயிர் உண்டு, நீருக்கும் உயிர் உண்டு. நிலத்தை அகழ்வது துறவிக்கு விலக்கப்பட்ட வினை. காலடியில் எறும்பு நசுங்கிவிடுமோ என்று மயிற்பீலியால் தரையை வருடி அமர்கிற பெண், கடப்பாறை இறங்குகிற ஒவ்வொரு முறையும் என்ன நினைத்திருப்பாள்? தான் தோண்டவில்லை, தோண்டுவித்தேன் என்று இலக்கணப் பிறவினையைச் சொல்லி மனத்தைச் சமாதானம் செய்துகொண்டாளா? அல்லது, தூரத்து ஏரியிலிருந்து குடம் சுமந்து வந்த இளம் மாணாக்கியரின் முகத்தைப் பார்த்து, இந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று துணிந்தாளா? முதல் ஊற்றுக் கசிந்தபோது கிணற்றின் கரையில் அவள் நின்றாளா, அல்லது மலைமேல் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டாளா? வாளும் வேலும் இல்லாமல் இத்தனை பெரிய போராட்டத்தை ஒரு கதைக்குள் கொண்டுவர வேறு எங்கே முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விநோதத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே திருப்பான்மலையில், பட்டினிக் குரத்தியாருக்கு நெடுங்காலம் முன்னரே, நந்திப்போத்தரசரின் 50-ஆம் ஆட்சியாண்டில், மருத்துவர் ஒருவரின் மகனான நாரணன் என்பவன் பொன்னியக்கியார் படிமத்தை அமைத்தான்; அப்போது அங்கிருந்த ஆசிரியரின் பெயர் நாகநந்தி. ஆம், நாகநந்திதான்! தமிழ் வாசகர் அனைவரும் வில்லனாக அறிந்த அந்தப் பெயரில், இயக்கியின் திருவுருவத்தின் அருகே அமைதியாக அமர்ந்த குரவர் ஒருவரும் இருந்திருக்கிறார். அவருக்கு ஒரு வழியில் கடன்பட்டிருக்கிறோம் என்று நீங்கள் கருதினால், உங்கள் கதையில் ஒரு மூலையிலாவது அவருடைய மரபினருக்கு இடங்கொடுங்கள்.

மூன்றாமவள் கனகவீரக் குரத்தியார். குணகீர்த்தி படாரரின் மாணாக்கி. வந்தவாசிப் பக்கத்து வேடல் மலைக்குகைகளில் இருந்த பள்ளியைச் சேர்ந்தவள். கல்வெட்டு அவ்வூரை விடால் என்கிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 885. அப்பள்ளியில் பிணக்கு ஒன்று நேர்ந்தது. தவப்பெண்டிரும் மாணாக்கரும் பெருந்தொகையினராய் இருந்த இடத்தில் ஒருவரோடு ஒருவர் ஒவ்வாமற் போயிற்று. அப்போது ஊரார் கூடி, கனகவீரக் குரத்தியாரையும் அவர் வழிப்பட்ட மாணாக்கியரையும் நாங்களே காத்து ஊட்டுவோம் என்று உடன்பட்டுக் கல்லில் வெட்டிக்கொடுத்தார்கள்.

பிணக்கின் காரணத்தைக் கல் சொல்லவில்லை; சொல்லாதிருப்பதுதான் உங்கள் பாக்கியம். ஆனால் தயைகூர்ந்து அங்கே ஓர் இளந்துறவியையும் ஓர் இளந்துறவினியையும் கொண்டுவந்து கண்களால் பேசவைக்காதீர்கள். நூற்றுக்கணக்கானோர் ஒரே மலையில் தங்கிப் படிக்கும் இடத்தில் சண்டை வருவதற்குக் காதல் வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம். ஆகாரப் பங்கீடு போதும்; மழைக்காலத்தில் ஒழுகாத குகை யாருக்கு என்பது போதும்; ஒரே பாடத்துக்கு இருவர் இருவேறு உரை சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒன்றுமே வேண்டாம். ஊரார் அவள் பக்கம் நின்றார்கள் என்பது அதைவிடவும் சுவையானது. அவர்கள் அனைவரும் சமணர்களா? எந்த வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளிடம் எழுத்துப் படிக்க அனுப்பினார்கள்? 'நாங்கள் சோறிடுகிறோம்' என்று முதலில் வாய் திறந்தவர் யார்? அவர் வீட்டில் அன்றிரவு என்ன பேச்சு நடந்தது?

உங்கள் கதாநாயகி யாராயிருந்தாலும், அவள் தலைக்குமேல் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சித்தாந்தத்தை மறந்துவிடாதீர்கள். திகம்பர சமணத்தின்படி பெண்பிறவியிலிருந்தே நேராக முத்தி கிடையாது. அவள் எத்தனை தவம் செய்தாலும் அடுத்து ஆணாகப் பிறந்தே வீடு பெற முடியும். சமணத்தின் பிற பிரிவினரான சுவேதாம்பரரும் யாபனீயரும் இதனை ஒப்பவில்லை. தமிழ்நாட்டிலோ திகம்பரமே ஓங்கியிருந்தது. நூறு பேருக்கு ஆகமம் உரைக்கிற ஆசிரியை, அந்த ஆகமம் தன்னைப்பற்றிச் சொல்லும் வாக்கியத்துக்கு வரும்போது எந்தக் குரலில் உரைப்பாள்? பாடத்தில் அமர்ந்திருக்கும் சிறுமி ஒருத்தி, "அம்மையே, நீங்கள் கூடவா?" என்று கேட்டுவிட்டால்? அவளை இன்றைய மேடைப் பேச்சாளியைப்போல் வெடித்துக் கிளம்பவைக்க உங்கள் பேனா துடிக்கும். வேண்டாம். அவள் அதை நம்பியும் இருக்கலாம். நம்பிக்கொண்டே நோவதற்கும் மனித உள்ளத்தில் இடமுண்டு.

வேறொரு சபலத்தையும் எச்சரிக்கிறேன். சமணர் என்றவுடன் மதுரையும் கழுமரமும் நினைவுக்கு வரும். எண்ணாயிரம் பேர் கழுவேற்றப்பட்டனர் என்னும் தொகையும் உடன் வரும். அந்தக் கதை ஏழாம் நூற்றாண்டைச் சார்த்திச் சொல்லப்படுவது. நம் குரத்தியர் அதற்கு ஒரு நூற்றாண்டும் அதற்கு மேலும் கழித்து, சைவ வைணவ மன்னர்களின் ஆட்சியில், அவர்கள் ஆட்சியாண்டையே குறித்து, பாறைகளில் திருமேனி செய்வித்துக்கொண்டிருக்கிறார்கள். கழுகுமலையில் வெட்டுவான் கோயில் என்னும் சிவன் கோயிலுக்குக் கல் குடைந்த உளியோசையும், தீர்த்தங்கரர் திருமேனிக்குக் கல் செதுக்கிய உளியோசையும் ஒரே மலையில், நெடுந்தொலைவின்றி எழுந்தவை. இரு பக்கத்துத் தச்சர்களும் ஒரே பட்டறையில் உளியைத் தீட்டிக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

நடை எப்படி, உரையாடல் எப்படி என்று திகைக்கிறவர்கள் சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் வரும் பகுதிகளை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். நம் இலக்கியம் படைத்த துறவினியருள் அவளுக்கு நிகர் ஒருத்தியும் இல்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். மதுரையில் அறவோரிடம் அறங்கேட்கலாம் என்னும் ஆசையினால் கோவலன் கண்ணகியோடு அவளும் புறப்படுகிறாள். பிச்சைப் பாத்திரமும் கையில் பீலியும் கொண்டு நடக்கிறாள். வயல்வழியில் சிற்றுயிர்களை மிதித்துவிடாதபடி பார்த்து நடக்கச் சொல்கிறாள். கண்ணகியை இழித்துப் பேசிய இருவரை ஒரு நொடியில் நரியாகும்படி சபித்துவிட்டு, சாபத்துக்கு உடனே எல்லையும் வகுக்கிறாள். கோவலன் இறந்தான் என்று கேட்டதும் உண்ணா நோன்பிருந்து உயிர் விடுகிறாள். அகிம்சையைப் பூண்டவளுக்குக் கோபம் வருவதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் நம் சந்நியாசினிகளுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் சாந்தமான புன்னகையைப் பூசிவிடுகிறோம்? நீலகேசியைப் பாருங்கள், பேயாக இருந்தவள் சமண நெறி ஏற்று, ஊர் ஊராய்ச் சென்று பௌத்தரோடு வாதிட்டு வெல்கிறாள். வாதத்தில் வெல்ல விரும்பும் பெண்ணை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்ப் புலவன் ரசித்திருக்கிறான்.

சின்னஞ்சிறு நுட்பங்களில்தான் கதை உயிர்பெறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகிலும், சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். குரத்தி தன் கூந்தலைக் கத்தியால் மழிப்பதில்லை. தன் கையாலேயே பிடுங்கிக் களைவாள், அதற்கு லோசம் என்று பெயர். பகலில் ஒரு வேளை மட்டும் உண்பாள். உண்ணும்போது சோற்றில் ஒரு மயிரோ இறந்த பூச்சியோ கண்டால் அந்தராயம் என்று அந்த வேளை உணவையே விட்டெழுவாள். சோறிட்ட வீட்டுப் பெண் அப்போது படும் பாட்டையும் எழுதுங்கள். பொழுது சாய்ந்தபின் தண்ணீரும் இல்லை; ஆகவே தயைசெய்து அவளை விளக்கொளியில் அமர்த்திச் சிற்றுண்டி உண்ணவைக்காதீர்கள், பிரபலமான ஒரு நவீனத்தில் அப்படிப் படித்து நான் துணுக்குற்றேன். மாரிக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்குவாள். மழைபெய்யும் அந்த நான்கு மாதமும் அவள் பாடஞ்சொல்லும் காலம். உங்கள் கதை அங்கேயே நடக்கட்டுமே.

வேடலுக்கு நான் சென்ற வருஷம்தான் போய்வந்தேன். பங்குனி வெயிலில் பாறை காய்ந்து, கால் வைக்க முடியவில்லை. நீங்கள் போவதாயிருந்தால் மார்கழி, தையில் போங்கள். குகையின் நிழலில் சிறிது நேரம் உட்கார்ந்து, கல்லையும் கைகளால் தடவிப் பார்த்துவிட்டு, தள்ளாடிக்கொண்டே இறங்கி ஊருக்குள் வந்தேன். வாசல் திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யார், எந்த ஊர் என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. "வெயிலில் மலைக்குப் போய் வரீங்களே, சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே எழுந்து போனாள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன்